ஈராசிரியர் பள்ளியில் 3, 4, 5-ம் வகுப்புக்குப் பயம், பதற்றத் தடுப்புப் பயிற்சி: எப்படி நடத்துவது?

பென்னாகரம்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் ஒன்றியத்தில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. 3, 4, 5 மூன்று வகுப்பும் ஒரே அறை, 29 பிள்ளைகள். பயமும் பதற்றமும் முற்றிப்போவதற்கு முன்பே கைகொடுக்கிற மாதிரி ஒரு பயிற்சியை அடுத்த கல்வியாண்டில் வாராவாரம் நடத்தலாம் என்று யோசனை.

வகுப்பில் கண்ணில் படுவது: திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்று வலி. எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. தேர்வு வாரத்தில் அரை மணிக்கு ஒரு தரம் ஒன்றுக்குப் போகக் கேட்கிறார்கள். நிறையப் பேருடைய அப்பா அம்மா பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டதால் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். எத்தனை வாரம், எந்த நாள், எந்த நேரம்? என்ன சொல்லிக்கொடுப்பது? மனநலம் படித்தவர் இல்லாமல் ஆசிரியரே நடத்தினால் பலன் உண்டா? யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் பெரிய பணம் கிடையாது.

குறுவளமையம்

வணக்கம் டீச்சர். அட்டவணையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த மாதிரிப் பயிற்சிகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் பாடம் சரியில்லாததால் இல்லை, நாள் சரியில்லாததால்தான்.

இந்த வகைப் பயிற்சிகளில் உலகத்தில் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவில் பவுலா பாரெட் உருவாக்கிய 'ஃப்ரெண்ட்ஸ்' திட்டம். வாரம் ஒன்று என்று 10 வகுப்பு, பிறகு இடைவெளி விட்டு 2 நினைவூட்டல் வகுப்பு, கூடவே பெற்றோர் கூட்டம். அது உரிமம் உள்ள திட்டம். பயிற்சி எடுத்தவர்தான் நடத்தலாம், பிள்ளைக்கு ஒரு பயிற்சி நூல் வாங்க வேண்டும், ஜெராக்ஸ் போட்டு ஓட்ட முடியாது. ஆனால் அதன் அடிப்படையான உடம்பைக் கவனிப்பது, எண்ணத்தைத் திருப்புவது, பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துபார்ப்பது மூன்றும் யாருக்கும் சொந்தமில்லை. 10+2 என்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் வேண்டாம். சேர்க்கை, புத்தகம், சீருடை, எமிஸ் (இணையத்தில் மாணவர் விவரப் பதிவு) என்று அந்த மாதம் ஓடிவிடும்; பிள்ளைகளும் அறைக்குப் பழகியிருக்க மாட்டார்கள். ஜூலை முதல் வாரம் ஆரம்பித்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் பத்தும் முடியும். நினைவூட்டல் ஒன்று நவம்பர் நடுவில், இன்னொன்று பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம். நீண்ட விடுமுறைக்குப் பிறகுதான் பழைய பயம் திரும்பி வரும், அதனால் அந்த இடம்.

திங்கள் கூடாது. யாருக்காக நடத்துகிறோமோ அவர்கள்தான் அன்று வரமாட்டார்கள். உங்கள் ஊர்ச் சந்தை நாளும் கூடாது. செவ்வாய் அல்லது புதன், இறைவணக்கம் முடிந்த முதல் பாடவேளை. காலை உணவு சாப்பிட்டிருப்பார்கள், வயிறு காலியாக இருக்கும்போது வருகிற படபடப்பும் பயத்தின் படபடப்பும் குழம்பாது. கடைசிப் பாடவேளையில் வைத்தால், பயந்ததைச் செய்துபார்த்த பிள்ளை அந்த நடுக்கத்தோடேயே வீட்டுக்குக் கிளம்பிவிடும்.

40 நிமிடத்தில் போன வார வேலையைக் கேட்க 10, புதியது 15, செய்துபார்க்க 10, அடுத்த வார வேலை சொல்ல 5. நேரம் பற்றாவிட்டால் எல்லாரும் முதலில் வெட்டுவது அந்த முதல் 10 நிமிடத்தை. வெட்டினால் மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டு வேலையை ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

இன்னொரு ஆசிரியர் 1, 2-ம் வகுப்பை வெளியே மரத்தடிக்கோ பக்கத்து அறைக்கோ கொண்டுபோய்விட வேண்டும். அவர் வட்டார வள மையத்தில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்தாதீர்கள், வியாழனுக்குத் தள்ளுங்கள். தள்ளலாம், விடக் கூடாது.

பொருள்: கோடு போடாத 40 பக்க நோட்டு 29, காலித் தீப்பெட்டி 29, புளியங்கொட்டை 145, உள்ளங்கை அளவு கூழாங்கல் 29, சார்ட் 4. அறுநூறு ரூபாய்க்குள் முடியும்.

புளியங்கொட்டை எதற்கென்றால், 'எவ்வளவு பயம், கை தூக்கு' என்று கேட்டால் எல்லாரும் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு தீப்பெட்டி, ஐந்து கொட்டை. பயமே இல்லை என்றால் பெட்டி காலி, தாங்க முடியாத பயம் என்றால் ஐந்தும் உள்ளே. பெட்டியை மூடி ஆசிரியர் மேசையில் வைத்துவிடுவார்கள். பெட்டி அடியில் பெயர் இருக்கும், எண்ணிக்கையை ஆசிரியர் மட்டும் பார்த்து நோட்டில் குறிக்கலாம்.

படிக்கட்டு

குறுவளமையம் சார் சொன்ன அட்டவணையோடு ஒத்துப்போகிறேன். உள்ளடக்கத்தில் ஒன்று கறாராகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இந்தப் பயிற்சி என்றாலே மூச்சுப் பயிற்சி, ஒரு பாட்டு, நாலு நீதிக்கதை என்று ஆகிவிடுகிறது. ஏழு வாரம் மூச்சு, ஒரு வாரம் மற்றதெல்லாம். இதைத் தலைகீழாக்க வேண்டும். பயத்தைக் குறைப்பது மூச்சு இல்லை, பயந்த காரியத்தைச் சின்னச் சின்னப் படியாகச் செய்து, நினைத்தது நடக்கவில்லை என்று உடம்பே தெரிந்துகொள்வதுதான்.

வாரம் 1, 2: உணர்ச்சிக்குப் பெயர், உடம்பில் எங்கே தெரிகிறது. 'பதற்றம்' என்ற சொல் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. 'வயித்தக் கலக்குது', 'நெஞ்சு படபடங்குது', 'கை வேர்க்குது', 'ஒரு மாதிரி இருக்கு' என்று அவர்கள் வாயில் வருவதையே சார்ட்டில் எழுதுங்கள். நோட்டில் ஒரு உடம்பு வரைந்து அந்தந்த இடத்தில் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.

வாரம் 3: மூச்சு. பாயில் மல்லாந்து படுத்து, தொப்புள் மேல் கூழாங்கல். மூன்று எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஐந்து எண்ணும் வரை வாயால் விட வேண்டும். கல் மேலே போய்க் கீழே வர வேண்டும், நெஞ்சு அசையக் கூடாது. ஆறு தடவை போதும். 'நல்லா ஆழமா இழு' என்று சொல்வதுதான் இங்கே நடக்கிற தவறு. பிள்ளைகள் போட்டி போட்டு வேகமாக இழுப்பார்கள், தலை சுற்றும், விரல் மரத்த மாதிரி இருக்கும், பயம் கூடும். 'மெதுவா விடு' என்பதை மட்டும் சொல்லுங்கள், இழுப்பது தானாக நடக்கும்.

வாரம் 4: எண்ணம். 'பயமுறுத்துற பேச்சு', 'துணைப் பேச்சு' என்று இரண்டு பத்தி. 'நான் சூப்பரா வாசிப்பேன்' துணைப் பேச்சு ஆகாது, ஏனென்றால் அந்தப் பிள்ளையே அதை நம்பாது. 'திக்கினா டீச்சர் எடுத்துக் குடுப்பாங்க, நாலு வரிதான், முடிஞ்சிடும்.' இது நம்பக்கூடியது.

வாரம் 5 முதல் 9 வரை: படிக்கட்டு. ஐந்து வாரமும் இதற்கே. எழுந்து வாசிக்கப் பயம் என்று வைத்துக்கொள்வோம்:

1. வீட்டில் ஆட்டுக்குட்டிக்கோ தம்பி தங்கைக்கோ வாசிப்பது
2. பள்ளியில் ஒரே ஒரு நண்பனுக்கு, சுவர் ஓரம் நின்று
3. உட்கார்ந்தபடி ஆசிரியரிடம் தனியாக, இரண்டு வரி
4. நாலு பேர் குழுவில், உட்கார்ந்தபடி
5. எல்லாரோடும் சேர்ந்து நின்று கோரஸாக
6. இடத்தில் நின்று தனியாக, ஏற்கெனவே தெரிந்த இரண்டு வரி
7. கரும்பலகை பக்கம் வந்து நாலு வரி
8. இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு திருக்குறள்

இதை மூன்று கொட்டைக்கு மேல் போகாத படியில் தொடங்குங்கள். ஒரே படியை அந்த வாரத்தில் மூன்று நாலு நாள் செய்ய வேண்டும். மூன்று கொட்டை ஒரே கொட்டையாகக் குறைந்த பிறகுதான் அடுத்தது. பயம் உச்சத்தில் இருக்கும்போது 'சரி போதும், போய் உட்காரு' என்று விட்டால், உட்கார்ந்ததால்தான் பிழைத்தேன் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும், அடுத்த தடவை கொட்டை ஒன்று கூடியிருக்கும். கொஞ்சம் இறங்கும் வரை பக்கத்தில் நின்றுவிட்டு நிறுத்துங்கள்.

பரிசு முயன்றதற்கு, நன்றாகச் செய்ததற்கு இல்லை. மிட்டாய் வேண்டாம். அன்று பள்ளி மணி அடிக்கிற வேலை கொடுத்துப் பாருங்கள், அதைவிடப் பெரிய பரிசு தொடக்கப் பள்ளியில் கிடையாது.

வாரம் 10: அவரவர் படிக்கட்டில் மீதி உள்ளதை விடுமுறைக்கும் அடுத்த பருவத்துக்கும் பிரித்து எழுதுவது.

கெட்டுப்போகும் இடங்களில் முதலாவது இரக்கம். 'பாவம், அது பயப்படும்' என்று ஒரு பிள்ளையை மூன்று வருடம் வாசிக்கவே கூப்பிடாமல் விடுவது. இரண்டாவது அவசரம். திக்கியவுடன் ஆசிரியரே சொல்லை முடித்துவிடுவது. மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், பிறகு முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள். மூன்றாவது, எல்லார் முன்னாலும் 'உனக்கு என்ன பயம், சொல்லு' என்று கேட்பது. அன்று மத்தியானமே அது பட்டப்பெயராகிவிடும். வகுப்பில் பேசுவதெல்லாம் கதைப் பாத்திரத்தின் பயமாக இருக்கட்டும், சொந்தப் பயம் நோட்டில்.

மேசை மேல் பிரம்பு இருக்கிற அறையில் இது எதுவும் வேலை செய்யாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். 'தப்பா வாசிச்சா ஒண்ணும் ஆகாது' என்று பிள்ளை செய்துபார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடே. தப்பா வாசித்தால் ஏதோ ஆகும் என்றால் எதைத் தெரிந்துகொள்ளும்?

ஓபி_சீட்டு

ஆசிரியரே நடத்தினால் பலன் உண்டா என்ற கேள்விக்கு. 2001-ல் பாரெட்டும் டர்னரும் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில் ஆசிரியர் நடத்திய வகுப்பிலும் உளவியலாளர் நடத்திய வகுப்பிலும் பதற்றம் குறைந்தது. 2014-ல் பால் ஸ்டாலர்ட் குழு இங்கிலாந்தில் 9, 10 வயதுப் பிள்ளைகளிடம் செய்த பெரிய ஆய்வில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வெளியிலிருந்து வந்த சுகாதாரப் பணியாளர் நடத்திய பள்ளிகளில்தான் வித்தியாசம் தெரிந்தது. பள்ளியே நடத்தியதில் வழக்கமான பாடத்தைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. ஆகவே 'ஆசிரியர் ஒரு நாள் பயிற்சி எடுத்தால் போதும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு மூன்று பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து, மாதம் ஒரு முறை குறுவள மையக் கூட்டத்துக்குப் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுவது) பின் அரை மணி உட்கார்ந்து யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று நோட்டைப் புரட்டுங்கள். வகுப்பு முழுக்க நடத்தும் தடுப்பில் சராசரிப் பலன் சிறியதுதான், அதையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஜூலை தொடங்கும் முன் உடம்பு. வயிற்று வலி, தலைவலி எல்லாவற்றையும் மனசு மேல் போடாதீர்கள். பூச்சி, ரத்தசோகை, கண் பார்வை, காது. கரும்பலகை தெரியாத பிள்ளையும் வாசிக்கப் பயப்படும். பள்ளிக்கு வரும் நடமாடும் சிறார் மருத்துவக் குழுவிடம் பட்டியலை எழுதிக் கொடுங்கள். ஒன்றுக்கு அடிக்கடி போகிற பிள்ளைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம்; கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், அரிதாகச் சர்க்கரையாகவும் இருக்கலாம்.

யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று பார்க்க எஸ்.டி.க்யூ என்ற 25 கேள்விப் படிவத்தின் ஆசிரியர் பகுதி போதும். அதில் உணர்ச்சி பற்றியவை ஐந்து: அடிக்கடி தலைவலி வயிற்று வலி, நிறையக் கவலை, வாடிய முகம் அல்லது அழுகை, புது இடத்தில் ஒட்டிக்கொள்வது, எளிதில் பயப்படுவது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. ஆசிரியர் நிரப்பும்போது கூட்டல் 4 வரை வழக்கமானது, 5 எல்லைக்கோடு, 6-ம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியது. ஜூலையில் ஒரு தடவை, வாரம் 10 முடிந்ததும் ஒரு தடவை. இது சல்லடைதான், நோயின் பெயர் இல்லை. இந்தப் பிள்ளை என்று காட்டுகிற குறி எதையும், ஒரு இனிஷியலைக் கூட, வருகைப் பதிவேட்டில் போடாதீர்கள்.

இந்த நிலையில் இருந்தால் பத்து வாரம் காத்திருக்க வேண்டாம்: வீட்டில் சரளமாகப் பேசுகிற பிள்ளை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை (பள்ளி சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது), அம்மாவைப் பிரியும் பயத்தில் நாலு வாரமாகப் பள்ளி கெடுகிறது, தூக்கமும் சாப்பாடும் போய்விட்டது, சாவைப் பற்றிப் பேசுகிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போவதற்கு முன் பேச 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நோட்டில் யாராவது தொட்டது, அடித்தது பற்றி எழுதியிருந்தால் அதற்குப் படிக்கட்டு போடக் கூடாது. துருவித் துருவிக் கேட்காமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைத்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ புகார் கொடுத்தே ஆக வேண்டும். தலைமையாசிரியர் 'பாத்துக்கலாம்' என்று சொல்வது அந்தக் கடமையைத் தீர்க்காது.

தளி_பார்டர்

எல்லாரும் நல்லா எழுதிட்டீங்க. நம்ம பக்கத்துச் சமாச்சாரம் ரெண்டு மூணு சேர்க்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துல தளி, கெலமங்கலம், ஓசூர் பக்கம்னா வகுப்புல பாதி வீட்ல தெலுங்கு, மீதி கன்னடம். படிக்கிறதுதான் தமிழ்ல. பயம் வந்தா வாயில வர்றது 'பயங்கா உந்தி', 'பய ஆகுத்தெ'. உணர்ச்சி சார்ட்ல மூணையும் தமிழ் எழுத்துலயே எழுதிடுங்க. வீட்டு மொழியில சொல்ல விட்டாத்தான் உண்மையான எண்ணிக்கை தீப்பெட்டிக்குள்ள விழும். ஓசூர் கம்பெனி வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க இந்தி பேசினா, பக்கத்துல உட்கார ஒரு கூட்டாளி குடுங்க.

அடுத்தது, எல்லாப் பயத்தையும் போக்கக் கூடாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி காட்டோரம் விடிகாலையில நடந்து வர்ற பிள்ளை யானைக்குப் பயப்படுது. அது இருக்க வேண்டிய பயம். 'நிஜ மணி', 'பொய் மணி'ன்னு ரெண்டு சொல்லிக்குடுங்க. நிஜ மணி அடிச்சா தனியா வராதே, பெரியவங்களோட கூட்டமா வா, வனத்துறை சொன்னா அன்னிக்கி வராதே. பொய் மணி அடிச்சா படிக்கட்டு. ரெண்டையும் பிரிக்கத் தெரியறதே பாதிப் பாடம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுலயும் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்கிறது எல்லாருக்கும் தெரியும். பல்லு மஞ்சளா, பழுப்பா கோடு விழுந்த பிள்ளைங்க வாசிக்கும்போது புத்தகத்த முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிக்கும், இல்ல கையால வாயப் பொத்தும். பாக்கறவங்க வாசிக்கத் தெரியலேன்னு நினைப்பாங்க. அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு பயமில்ல, வாயத் திறக்கறதுதான் பயம். படிக்கட்டு வேற மாதிரி போடணும். கேலி பண்றவங்ககிட்ட தண்ணியால வர்றதுன்னு அறிவியல் பாடத்தோட சேர்த்துச் சொல்லிடுங்க.

தாத்தா பாட்டி. பெற்றோர் கூட்டம்னு பகல்ல வச்சா தக்காளி பறிப்பும் நூறு நாள் வேலையும் விட்டுட்டு யாரும் வரமாட்டாங்க. சாயங்காலம் ஆறரைக்கு மேல, அரை மணி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோட சேர்த்து. மூணே விஷயம் சொல்லுங்க. 'பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடிச்சிட்டுப் போவான், ஊசி போட்டுருவாங்க'ன்னு மிரட்டாதீங்க. வயித்து வலின்னு வீட்ல இருந்தா டிவி, செல்போன் குடுக்காதீங்க, காய்ச்சல் இல்லேன்னா பத்து மணிக்காவது கொண்டுவந்து விடுங்க. பள்ளிக்கூடத்துல என்ன துணிச்சல் பண்ணினேன்னு ராத்திரி ஒரு கேள்வி கேளுங்க. மந்திரிச்சுத் தாயத்து கட்டறதோட மல்லுக்கட்ட வேண்டாம். தாயத்தும் கட்டட்டும், படிக்கட்டும் ஏறட்டும். வெளியூர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல ஒரு நிமிஷக் குரல் பதிவு, எழுத்து வேண்டாம். ஊருக்கு வந்துட்டுத் திரும்பறவங்க பிள்ளை தூங்கும்போது சொல்லாமக் கிளம்பறதுதான் பெரிய தப்பு. அதுக்கப்புறம் ஒரு மாசம் பாட்டி முந்தானைய விடாது. சொல்லிட்டு, அடுத்து என்னிக்கு வருவேன்னு காலண்டர்ல வட்டம் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க.

பென்னாகரம்_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய் முதல் பாடவேளை என்று முடிவு செய்தாயிற்று. இரண்டு சந்தேகம். 1, 2-ம் வகுப்புக்கு என்ன செய்வது? படிக்கட்டில் 5-லிருந்து 6-க்கு ஏறாமல் ஒரு பிள்ளை அப்படியே நின்றுவிட்டால்?

படிக்கட்டு

1, 2-க்கு எண்ணம் பற்றிய வாரம் தேவையில்லை, அந்த வயதில் பிடிபடாது. உணர்ச்சிக்குப் பெயர், கூழாங்கல் மூச்சு, மூன்றே படி உள்ள சின்னப் படிக்கட்டு போதும். 20 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

நின்றுவிட்டால் பிள்ளை மேல் குறை இல்லை டீச்சர், படி உயரம். 5-ல் கூட்டத்தோடு நின்ற பிள்ளை 6-ல் திடீரென்று தனியாக நிற்கிறது, நடுவில் ஒரு ஆள் உயரம் இருக்கிறது. அதை நாலாக உடையுங்கள். கோரஸில் பத்துப் பேர், பிறகு ஐந்து பேர், பிறகு இரண்டு பேர். இரண்டு பேரில் மற்றவன் கடைசி வரியில் குரலை நிறுத்திவிட வேண்டும், அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள், ஏமாற்ற வேண்டாம். அந்த ஒரு வரி தனியாக வந்துவிட்டால் மறுநாள் இரண்டு வரி. அப்போதும் நீங்கள் பிள்ளைக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். பக்கவாட்டில், அதே புத்தகத்தைப் பார்த்தபடி நில்லுங்கள்.